ஆறு மணிக்கு அணையும் கேமரா

என் செல்லத் தம்பி அருளுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தைரியம் வரவில்லை. நீலசந்திராவில் நம் தெருவில் யார் வீட்டு நெட் போனாலும் உன்னைத்தானே கூப்பிடுவார்கள்? நம் வீட்டு நெட் போனபோது எனக்குக் கூப்பிட ஆளில்லை.

நீ மாட்டிக் கொடுத்த கேமராதான் இப்போது எனக்கு உயிர். நான் பொம்மசந்திராவில் கம்பெனியில் இருக்கும்போது அம்மா வீட்டில் தனி. நீ போன பிறகு இரண்டு தடவை தலைசுற்றி விழுந்துவிட்டாள். இரண்டாவது தடவை விழுந்ததை போனில் பார்த்துத்தான் மாடி வீட்டு ரத்னம்மாவை ஓடச் சொன்னேன். அன்று கேமரா இல்லாதிருந்தால்?

அந்தக் கேமரா மூன்று வாரமாக தினமும் சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு நின்றுபோனது. நான் ஓசூர் ரோட்டு டிராஃபிக்கில் கம்பெனி பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம். கட்டிலும் சமையலறை வாசலும் தெரிந்துகொண்டே இருக்கும், திடீரென்று 'ஆஃப்லைன்' என்று வரும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப வந்துவிடும். அந்த அரை மணியில் அம்மாவை எத்தனை தடவை மனதுக்குள் விழ வைத்தேன், தெரியுமா? போன் அடித்தால் எடுக்கமாட்டாள். காது மந்தம், போனும் தலையணைக்கு அடியில் எங்காவது கிடக்கும்.

முதல் மூன்று நாள் ரத்னம்மாவைக் கீழே போய்ப் பார்க்கச் சொன்னேன். சென்னாகிதாரே, நன்றாகத்தான் இருக்கிறார், உட்கார்ந்து ஜெபம் சொல்கிறார் என்று கன்னடத்தில் சொன்னாள். நாலாவது நாள் அவள் குரலில் சலிப்பு தெரிந்தது. அப்புறம் கேட்கக் கூச்சமாகிவிட்டது. ஆனால் பயம் கூச்சப்படுமா?

நீ சொல்லிக் கொடுத்ததையெல்லாம் செய்தேன். "ஆஃப் பண்ணு, முப்பது எண்ணு, அப்புறம் ஆன் பண்ணு. அவசரப்படாதக்கா" என்பாயே. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முப்பது எண்ணினேன். ஒயரைக் கழற்றி மாட்டினேன், அடாப்டரை மாற்றினேன். ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. நெட் ஆபீஸ் ஆள் இரண்டு தடவை வந்து, லைன் சுத்தமாக இருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். எதையாவது தொட்டியா என்று அம்மாவைக் கேட்டால், நான் எதையும் கெடுக்கலடி என்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு இரண்டு பேரும் பூசையில் இருப்போம், அதனால் என் கண்ணாலும் பார்க்க வழியில்லை.

போன வியாழக்கிழமை ஆறரை ஆகியும் படம் வரவில்லை. ஏழு மணிக்கும் இல்லை. ரத்னம்மா அன்று பார்த்து மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஏனம்மா அழுகிறாய் என்று ஆட்டோக்காரர் கேட்டதற்கு, சீக்கிரம் போங்கள் என்று மட்டும் சொன்னேன். உன்னைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் இதே ரோட்டில்தானே மாட்டிக்கொண்டேன்? நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். இன்னொரு தடவை லேட்டாகப் போய் நிற்க என்னால் முடியாது, அருள்.

கதவைத் திறந்தேன். அம்மா உன் போட்டோவுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். போட்டோவுக்கு மேலே சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கையில் ரவுட்டரின் பிளக். பல்பு பிளக் இறுகிக்கொண்டு கழற்ற வரவில்லையாம். இழுத்து இழுத்து விரலெல்லாம் சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போன மாதம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகிப் புகை வந்ததும், அம்மாவுக்கு ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்து அதைக் குப்பையில் போட்டது நான்தான். உன் போட்டோ வைத்த அலமாரிக்குப் பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பாயிண்ட். அதில் ரவுட்டரை மாட்டினேன். உன் பல்பை நினைக்கவேயில்லை. ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் உனக்கு விளக்குப் போட்டு ஜெபமாலை சொல்வது அவள் வழக்கம். தினமும் ரவுட்டரைப் பிடுங்கிவிட்டுப் பல்பை மாட்டி, ஜெபம் முடிந்ததும் பழையபடி மாட்டி வைத்திருக்கிறாள். நான் திட்டுவேன் என்று வாயைத் திறக்கவில்லை.

திட்டத்தான் செய்தேன். அத்தனை பயமும் கோபமாக வந்தது. கேமரா இல்லாமல் உன்னை நான் எப்படிப் பார்ப்பேன் என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதுல நீ என்னைப் பாக்குற, ஸ்டெல்லா. நான் அவனைப் பாக்க வேணாமா?"

அவள் கையிலிருந்த பிளக்கை வாங்கிக் கீழே வைத்தேன்.

மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்து இன்னொரு பாயிண்ட் வைத்தாகிவிட்டது. கேமராவையும் உன் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன். நேற்று பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மணி. கோயில் மணி போனிலேயே கேட்டது. உன் பல்பு எரிந்தது, படம் நிற்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என் உள்ளங்கையில் இருந்தீர்கள்.

பயம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஜெபத்தின் நடுவில் அம்மா தலை குனிந்தது. நிமிரவேயில்லை. ஜெபமாலை உருட்டும் விரலும் அசையவில்லை. நீ சொன்ன மாதிரி எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டில் நிமிர்ந்தாள். தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. நான் பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி. உன் விளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் எதையும் மாட்டமாட்டேன். அம்மா தலை குனியும்போதெல்லாம் எண்ணுவேன். முப்பதுக்குள் நிமிராவிட்டால், பஸ் எங்கே நின்றாலும் இறங்கி ஓடுவேன். இந்தத் தடவை வந்து சேர்ந்துவிடுவேன்.

உன்னிடம் லேட்டாக வந்த உன் அக்கா,
ஸ்டெல்லா