ஆரோக்கியம்மாள் கண்ணும் ஆகாயத்து ஓட்டையும்

மஞ்சக்குப்பம், கடலூர்
11.7.2010

ஆகாய ஆராய்ச்சியின் அரசியும், என் அக்காள் பெற்ற ஒரே அறிவாளியுமான நித்யா மேரிக்கு, கடலூர் ஜில்லாவின் குளிர்சாதனச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் எழுதுவது.

இங்கே பிரிட்ஜுகள் எல்லாம் நலம். நான்தான் நலமில்லை.

போன மாதம் மெக்கானிக்குகளுக்குப் புதுக் காஸ் பற்றி வகுப்பு வைத்தார்கள். பழைய காஸ் மேலே ஏறி ஓசோன் போர்வையைத் தின்கிறதாம். போர்வை மெலிந்தால் கெட்ட கதிர் இறங்கிக் கண்ணில் புரை விழுமாம். முப்பது வருஷமாக, பிரிட்ஜில் மிச்சமிருக்கும் காஸைப் புஸ்ஸென்று திறந்துவிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேன். நான் விட்ட காஸில் பாண்டிச்சேரியையே பலூனாக ஊதிப் பறக்கவிட்டிருக்கலாம்.

வகுப்பு முடிந்த நாலாம் நாள், உன் அத்தை ஆரோக்கியம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். 31ஆம் தேதி வலது கண்ணில் ஆபரேஷன்.

நீ சிதம்பரத்தில் உட்கார்ந்து ஓசோன் கணக்கைத்தானே ஆராய்கிறாய்? அவள் கண்ணைக் கெடுத்தது நானா, சொல். போன் பண்ணாதே. எடுப்பது அவள்தான்.

சூசைமாணிக்கம்

*

கடலூர்
22.7.2010

பதில் எழுதாத மகாராணிக்கு,

என் முகத்தைப் பார்த்தாலே தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நெய்வேலி வரைக்கும் ஓடுகிறார்.

பொறுக்கமுடியாமல் கோயிலில் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஆகாயத்தில் ஓட்டை போட்டுவிட்டேன் சாமி என்றேன். குடித்திருக்கிறாயா என்று கேட்டார். விளக்கிச் சொன்னதும், பத்துக் கட்டளையில் இது எதில் வரும் என்று யோசித்துவிட்டு, "மொதல்ல ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்றார்.

அதுதானே முடியவில்லை. அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தால் நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறேன்.

பாவி மாமன்,
சூசைமாணிக்கம்

*

சிதம்பரம்
30.7.2010

அன்பு மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். சும்மா ஆறுதல் சொல்லக் கூடாதென்று, முப்பது வருஷ அளவுகளை மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஓட்டை விழுவது தென் துருவத்துக்கு மேலே. நம் தலைக்கு மேல் ஓசோன் ஏறக்குறைய அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கிறது. அத்தை கண்ணை நீங்கள் கெடுக்கவில்லை. அறுபது வயதில் புரை விழுவது வழக்கம்தான்.

நீங்கள் விட்ட காஸ் துருவத்துக்கும் போயிருக்கும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் நாடுகளெல்லாம் சேர்ந்து அந்தக் காஸைக் குறைத்ததால், ஓசோன் குறைவது தொண்ணூறுகளின் கடைசியிலேயே நின்றுவிட்டது. இனி மெல்ல ஏறும். துருவத்து ஓட்டை மூட இன்னும் ஐம்பது வருஷமாவது ஆகும். இனிமேல் பழைய காஸைச் சிலிண்டரில் பிடித்து வையுங்கள்.

அத்தையிடம் சொல்லிவிடுங்கள் மாமா.

நித்யா

*

கடலூர்
22.8.2010

ஆகாயத்தை இழுத்து மூடிய மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது அத்தை கண்ணில் கட்டோடு இருந்தாள். யார் லெட்டர், படி என்றாள். நாலு வரி சொந்தச் சரக்கைப் படித்துப் பார்த்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. பிறகு முழுசையும் உள்ளபடி படித்தேன்.

முழுசும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

"இதுக்காவவாய்யா ரெண்டு மாசமா ஒழுங்கா பேசிக்கிட்டு இருந்த? ஒரு பொய் இல்ல, ஒரு பீத்தல் இல்ல. டாக்டரு எனக்கு என்னமோ பெரிய வியாதின்னு சொல்லிட்டாரு, நீதான் மறைக்கறேன்னு தெனமும் செபமாலை உருட்டிக்கிட்டு கெடந்தேன்."

அழுதாள். கண்ணில் மருந்து போட்டிருக்கிறது, அழக் கூடாது என்று நானும் அழுதுகொண்டே சொன்னேன்.

இப்போது நான் காஸைச் சிலிண்டரில் அடைக்கும் அழகைப் பார்க்க, திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஐந்து நிமிஷம் கூடுதலாக நின்று போகிறது. மிச்சத்தை உன் அத்தை எழுதுவாளாம்; பேனாவைப் பிடுங்குகிறாள்.

சூசைமாணிக்கம்

நித்யாவுக்கு, வலது கண்ணில் எழுத்து நன்றாகத் தெரிகிறது. நேற்று தேவனாம்பட்டினம் கடற்கரையில், கோயில் கோபுர உயரத்துக்கு ஒரு திமிங்கிலம் எழுந்து தன்னிடம் மணி கேட்டதாக உன் மாமா சொன்னார். நிம்மதியாக இருக்கிறது.

அத்தை