நானாகப் போகவில்லை

பிப்ரவரி 24, திங்கள்

காலையிலிருந்தே இரண்டாவது இஸ்திரி உருளையில் துணி சிக்கிக்கொண்டே இருந்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பிரிவில் சரியாகப் பிழியாமல் ஈரத்தோடு அனுப்பியிருந்தார்கள். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மேலாளர் டெஸ்மர் மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் இலோனா ஏற்கெனவே நின்றிருந்தாள். எங்கள் ஷிப்டுக்கு அவள்தான் பொறுப்பு. அடுத்த வாரப் பட்டியலைக் காட்ட வந்திருந்தாள்.

இரண்டு மருத்துவமனைகள் எங்கள் சலவை ஆலையோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டனவாம். மே மாதக் கடைசியில் என் பிரிவை மூடுகிறார்கள். டெஸ்மர் ஒரு தாளை நீட்டினார்.

"பாருங்கம்மா, கையெழுத்துப் போடலன்னா வெள்ளிக்கிழமை உங்களுக்கு நோட்டீஸ் வந்துடும். உங்கள மாதிரி ஒருத்தர வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு ஊரு பேசணுமா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பக்கமும் பேசி, மனசொத்துப் பிரிஞ்ச மாதிரி. எப்படியும் போற தேதி அதேதான். கொஞ்சம் பணமும் தர்றோம், நல்ல சான்றிதழும் தர்றோம்."

போட்டேன். ஒன்பது வருடம் வேலை பார்த்த இடம். நீக்கப்பட்டவள் என்று பெயர் வாங்க எனக்கும் பிடிக்கவில்லை. அறையை விட்டு வரும்போது நன்றி வேறு சொன்னேன்.

பிப்ரவரி 26

வேலை அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டேன். தாமதித்தால் வேலையில்லாக் காலத்துக்குத் தரும் உதவித்தொகையில் கை வைப்பார்களாம்.

மாலையில் அண்ணன் டெட்லெஃப் போன் செய்தான். "அப்போ ஜூன்லேருந்து அரசாங்கக் காசுல கால நீட்டிக்கிட்டு உக்காரப் போற."

"என் சம்பளத்துல மாசாமாசம் புடிச்ச காசு அது. காப்பீடு. போன வருஷம் உன் கார மரத்துல கொண்டுபோய் மோதினியே, காப்பீட்டுக்காரங்ககிட்ட பிச்சையா கேட்ட?"

சிரித்துவிட்டு, அந்த மரம் தப்பான இடத்தில் நின்றது என்றான்.

மே 30, வெள்ளி

கடைசி நாள்.

வேலையை விட்டுப் போகிறவர்தான் எல்லோருக்கும் கேக் கொடுக்க வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். கொடுக்காமல் போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள் என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். தோட்டத்தில் புளிப்பு ருபார்ப் தண்டுகள் இந்த வருடம் தடிதடியாக வந்திருந்தன. அவற்றை நறுக்கிப் போட்டு, மேலே வெண்ணெயில் பிசைந்த மாவுப் பொடியை நிறைய உதிர்த்து, பெரிய தகர டப்பா நிறைய கேக் கொண்டுபோனேன். காப்பியும் நானே போட்டேன். நன்றாகச் சிரித்துப் பேசினோம். ஓரத் துண்டில்தான் பொடி மொறுமொறுவென்றிருக்கும். அதை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மாடியேறி டெஸ்மருக்கு நானே கொடுத்தேன். இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பேருந்தில் வரும்போதுதான் அழுகை வந்தது. டப்பாவை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஜூன் 17

வேலை அலுவலகத்திலிருந்து கடிதம். பன்னிரண்டு வாரத்துக்கு உதவித்தொகை ஒன்றும் கிடையாதாம்.

மூன்று தடவை படித்தேன். என் வேலையை நானே விட்டேனாம். அதனால் தண்டனை. தள்ளிப்போடுகிறார்கள் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம் - இல்லை, மொத்தமாகவே வெட்டிவிடுகிறார்கள். நானா விட்டேன்? யாராவது ஐம்பத்தாறு வயசுல சும்மா வேலைய விடுவாங்களா? இவங்களுக்கெல்லாம் தலையில என்னதான் இருக்கு?

வாடகை இருக்கிறது. டெஸ்மர் கொடுத்த பணம் இரண்டு மாதம் தாங்கும். ஆனால் பணம்கூட இரண்டாம்பட்சம். அந்த ஒரு வரி. "தாமாகவே விலகியவர்." அது என் பெயருக்கு எதிரே நிற்கக் கூடாது.

ஜூன் 19

வேலை அலுவலகம். வீகாண்ட் என்ற பெண் என் கோப்பைப் பார்க்கிறாள். சண்டை போடத்தான் போனேன். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதனால நீங்களா விட்டதாத்தான் சட்டம் எடுத்துக்கும். கையெழுத்துப் போடலன்னாலும் அதே தேதியில கண்டிப்பா எடுத்திருப்பாங்கன்னு தெரிஞ்சா கதை வேற. கம்பெனியக் கேட்டோம். அப்படி எதுவும் சொல்லலன்னு எழுதியிருக்காங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு அடுத்த வரியையும் படித்தாள். "கடைசி நாளில் மகிழ்ச்சியோடு அனைவருக்கும் கேக் வழங்கி விடைபெற்றார்."

ஓரத் துண்டு. அதைத் தூக்கிக்கொண்டு படியேறினேனே.

"கேக்கெல்லாம் எல்லாரும் குடுக்கறதுதான்," என்றாள் வீகாண்ட். "நானும் பழைய வேலைய விட்டப்போ அழுதுகிட்டே குடுத்தேன். ஒரு மாசத்துக்குள்ள எதிர்த்து எழுதிக் குடுங்க. அவர் சொன்னப்போ கூட வேற யாராவது இருந்தாங்களா?"

இருந்தாள்.

ஜூன் 20

ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் போய் ஆலை வாசலில் இலோனாவுக்காக நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"ரோஸ்வி, நீ வெளிய வந்துட்ட. நான் இன்னும் உள்ள இருக்கேன். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. நான் போய்ச் சொன்னா அடுத்த நாளே டெஸ்மருக்குத் தெரிஞ்சுடும்."

"நீ கேட்டியா இல்லையா? வெள்ளிக்கிழமை நோட்டீஸ்னு சொன்னானா இல்லையா?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

பேருந்து வந்துவிடும் என்று நகரப் பார்த்தாள். தின்ற கேக் செரித்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வீடு வரை கோபத்திலேயே நடந்தேன். அவள் பயம் எனக்குப் புரியாமலா இருக்கிறது? புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

ஜூன் 24

எதிர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி. சாட்சி கேட்ட இடத்தில் இலோனா பெயரை எழுதவில்லை. வந்தால் அவளாக வரட்டும்.

ஜூலை 2

காலையில் கூலிக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போகிறேன், வேலை அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான். முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. வேலைக்கு விண்ணப்பங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு காளான் பண்ணையில் என் வயதைக் கேட்டுவிட்டு, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள்.

டெட்லெஃப் நேரிலேயே வந்தான். பணம் தருகிறானாம். "விட்டுத் தொலையேன். அவங்களோட மோதி ஜெயிச்சவங்க யாரு இருக்கா?"

"ஜெயிக்கறதுக்காக மோதல."

"பின்ன?"

"அவன் சொன்னது பொய். அதுக்காக."

பணத்தை அவன் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினேன். உருளைக்கிழங்கு சாலட் இருந்தது, தின்றுவிட்டுப் போனான்.

ஜூலை 9

மணி அடித்தது. திறந்தால் இலோனா. கையில் என் தகர டப்பா.

"உள்ள வரலாமா, இல்ல இத வாங்கிக்கிட்டுக் கதவ மூடப் போறியா?"

"டப்பாவ முதல்ல குடு."

உட்கார்ந்ததும் கொட்டிவிட்டாள். நேற்று விடுப்புப் போட்டு வேலை அலுவலகத்துக்கே போய், டெஸ்மர் சொன்னதை வரிக்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"இந்தச் சனியன் டப்பா என் அலமாரியில இருந்துச்சு. தினமும் கோட்ட மாட்டும்போது கண்ணுல பட்டுச்சு. பயந்து பயந்து எவ்வளவு நாள் கோட்டு மாட்டறது? அதுவும் கேக்க வச்சு உன்ன மாட்டிவிட்டானேன்னு நெனச்சா வயிறு எரியுது. ரெண்டு துண்டு தின்னாண்டி அவன்."

"நீ மூணு தின்ன."

"எண்ணினியா நீ?"

காப்பி போட்டேன். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்தில் இருந்த வெள்ளரிக்காய்களையெல்லாம் பறித்து டப்பாவில் போட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஜூலை 21

இலோனா ஆலைக் கழிவறையிலிருந்து போன் செய்தாள். குசுகுசுவென்று பேசினாள். ஆலையில் இன்னும் நான்கு பேரைக் குறைக்கிறார்கள். டெஸ்மர் அவளை மாடிக்குக் கூப்பிட்டு அதே தாளை நீட்டியிருக்கிறார்.

"மனசொத்துப் பிரியலாமாம் ரோஸ்வி. அதே வார்த்தை."

"போட்டியா?"

"நோட்டீஸே குடுங்க சார், மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். மத்த மூணு பேருக்கும் சொல்லி வச்சிருக்கேன். பயமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். கையெழுத்துப் போடலல்ல, அது போதும்."

ஆகஸ்ட் 22

தடையை நீக்கிவிட்டார்கள். ஜூன் முதல் தேதியிலிருந்து முழுவதும் தருகிறார்கள். "தாமாகவே விலகியவர்" இனி இல்லை. நிறுவனத்தால் நீக்கப்படவிருந்தவர் என்று எழுதியிருக்கிறது. பிப்ரவரியில் எந்தப் பெயருக்கு அஞ்சிக் கையெழுத்துப் போட்டேனோ அதே பெயர். நாய்க்குட்டி கிடைத்தவள் மாதிரி வீடு முழுக்கச் சுற்றி வந்தேன்.

டெட்லெஃபிடம் சொன்னேன். "அந்த மரத்துமேல நானும் ஒரு கேஸ் போடலாமா?" என்றான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இலோனாவுக்கும் மற்ற மூவருக்கும் கடைசி நாள். நால்வருமே நோட்டீஸ் வாங்கித்தான் போகிறார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. உதவித்தொகை ஒருவருக்கும் தடைபடாது. வீகாண்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாயிற்று.

கேக் கொடுக்காமல் போக இலோனாவுக்கும் மனம் வரவில்லை. ஆனால் உள்ளே வேண்டாம் என்றாள். எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் கடை விரித்தோம். பிளம்ஸ் கேக், என் டப்பாவில். உள்ளே வேலையில் இருந்தவர்களும் இடைவேளையில் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குளவிகள் வேறு பங்கு கேட்டு வந்தன. எனக்கு வியாழக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் நேர்முகம். அதற்கு எந்தச் சட்டை போடுவது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

டெஸ்மர் வெளியே வந்தார். சாலையைக் கடந்து எங்களிடமே வந்து நின்றார். சிரித்த முகம்.

"என்னம்மா, எனக்கு ஒரு துண்டு இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டப்பா என் மடியில் இருந்தது.

"இருக்கு சார். ஓரத் துண்டே இருக்கு. ஆனா நீங்களா விரும்பித்தான் சாப்பிட்டீங்கன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

இலோனாவுக்குக் காப்பி புரையேறியது. டெஸ்மர் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். ஓரத் துண்டை நானும் இலோனாவும் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டோம். டப்பாவை இந்தத் தடவை மறக்காமல் எடுத்து வந்துவிட்டேன்.