எட்டாத ரயில் படி

மொரப்பூர்
14.8.1985

அன்புத் தங்கை வேளாங்கண்ணிக்கு,

மாதா காவலில் நானும் உன் மாமாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகந்தானே?

ஞானஸ்நானத்துக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். பலகாரக் கூடையோடு ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன் கண்ணு. ரயில் படி ஏற உடம்பு எழும்பவில்லை. உன் மாமாவும் போர்ட்டரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். "மூட்டைய லக்கேஜ் பெட்டியில ஏத்துங்கப்பா!" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்த, பெட்டியே சிரித்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இனி ஒரு வேளைச் சாப்பாடுதான். கிறிஸ்துமஸுக்குள் இருபது கிலோ குறைத்துக் காட்டுகிறேன்.

உன் அக்காள்,
ராஜமேரி


வேலூர்
22.8.1985

அன்புள்ள அக்காவுக்கு,

கோபந்தான். பிள்ளையை நீதான் ஏந்த வேண்டுமென்று சாமியாரையே காக்க வைத்தேன். கடிதம் படித்ததும் அழுதுவிட்டேன். அந்த ஆள் இந்த நர்ஸ் கையில் கிடைத்திருந்தால் பெரிய ஊசியாகப் போட்டு அனுப்பியிருப்பேன்.

பட்டினி மட்டும் கிடக்காதே. இருபது கிலோ உன் கையில் இல்லை. நாளைக் காலையில் எவ்வளவு தூரம் நடப்பது, தட்டில் எவ்வளவு போடுவது, இரண்டும் உன் கையில்தான். இந்த வாரத்துக்கு ஒன்றே ஒன்று, உன்னால் முடிகிறதாக, நீயே முடிவு செய். அது பழகியபின் அடுத்தது.

அன்புடன்,
வேளாங்கண்ணி


மொரப்பூர்
20.10.1985

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வருவதற்குள் பட்டினியால் கடலைக்காட்டில் மயங்கி விழுந்தேன். பக்கத்துக் காட்டுப் பெரியம்மாள்தான் தண்ணீர் தெளித்துத் தூக்கினாள்.

அப்புறம் நீ சொன்னபடிதான். முதல் வாரம் ஏரிக்கரை வரை நடந்தேன். பிறகு கோயில் வரை. இப்போது கோயிலையும் தாண்டியாகிறது. பெரியம்மாளும் கூட வருகிறாள். இராத்திரிக்குக் களி பாதி உருண்டை, கீரை நிறைய. "ஏம்புள்ள, யாரு மேல கோவிச்சுக்கிட்டு இந்த நடை?" என்கிறார் உன் மாமா.

ஆனால் போன வாரம் கொழுந்தன் மகள் கல்யாணம். நடை நின்றுபோனது, பாயசம் வேறு. மண்டித் தராசில் ஏறிப் பார்த்தால், குறைந்திருந்த எடையெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். விட்டுவிடட்டுமா?

ராஜமேரி


வேலூர்
27.10.1985

அக்கா,

கல்யாண வீட்டில் பாயசம் குடிக்காமல் வேறெங்கே குடிப்பாய்? திங்கட்கிழமை வரட்டும் என்று இருக்காதே. இதைப் படித்ததும் கிளம்பு. தராசை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். உனக்கு ரயில் ஏறத்தானே வேண்டும்? கிணற்றடித் துவைக்கிற கல்லில் ஏறி இறங்கிப் பழகு.

பிள்ளை குப்புற விழுந்து சிரிக்கிறான். வந்து பார்.

வேளாங்கண்ணி


மொரப்பூர்
24.2.1986

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டிலிருந்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே இருந்ததில், ஒன்றை உன்னிடம் சொல்ல மறந்தேன்.

அங்கே வரும்போது, மொரப்பூரில் ரயில் நின்றதும் உன் மாமா பின்னால் கை கொடுக்க வந்தார். "கைய எடுங்க. கூடையப் புடிங்க, போதும்" என்றேன். இரண்டு கம்பியையும் பிடித்து ஒரே எழும்பு. உள்ளே நிற்கிறேன்! ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "நானே ஏறிட்டேங்க!" என்று கத்திவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் பயந்துபோய், "சரிங்கம்மா" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

இருபது கிலோவில் பாதிகூடக் குறையவில்லை. போகட்டும். அடுத்தது சைக்கிள் என்று நானே முடிவு செய்துவிட்டேன். "சீலை சக்கரத்துல சிக்கும் புள்ள" என்றார் உன் மாமா. "சிக்காத மாதிரி கட்டறனுங்க. நீங்க சீட்டப் புடிங்க" என்றேன். நேற்று பிடித்தார். நடுவில் கையை விட்டது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால், ஏரிக்கரையில் தூரத்தில் சின்னதாக நிற்கிறார்.

பார்த்ததால்தான் விழுந்தேன். இன்று திரும்பிப் பார்க்கமாட்டேன்.

உன் அக்காள்,
ராஜமேரி