பனிராஜாவின் மூன்றாம் தாரம்

மார்ச் 3, வியாழன்

இன்று முதல் இந்த நோட்டில் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, தபோரா ரயில் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் ஒலிபெருக்கியில் முழங்கி ஓய்வுபெற்ற கிப்வானா ஆகிய நான், மிச்சமிருக்கும் நாலு பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். (என் குரலைக் கேட்டு, புறப்பட்டுப் போன ரயிலே ஒருமுறை பின்னால் வந்து நின்றது. அதையும்தான் நம்பமாட்டார்கள்.)

செய்தி இதுதான். பக்கத்து வீட்டு மிலெம்பே ஜூன் விடுமுறையில் தன்னந்தனியாகக் கடல் கடந்து வடதுருவப் பக்கத்து நாடொன்றுக்குப் போகிறாள். அங்கே அப்போது சூரியன் அஸ்தமிக்காதாம். பதினோரு வருடமாகப் பள்ளியில் அதை நடத்துகிறாள், பூகோள டீச்சர். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து தூக்கமில்லை.

நான் ஸராமோ, அவள் நியாம்வேசி. இரண்டு குலத்துக்கும் நடுவே பாட்டன் காலத்துக் கேலி உறவு. அவளை நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் கோழியைப் பிடித்துக் குழம்பு வைக்கலாம். அவள் வீட்டில் சாவு விழுந்தால் போய்ப் பிணத்தைப் பரிகாசம் செய்யலாம். அவளும் எனக்கு அப்படியே. கோபப்பட இருவருக்கும் உரிமை கிடையாது. காலையில் என்னைக் கண்டதும் அவள் சொல்லும் வணக்கமே, "என்ன கிழவா, இன்னும் போய்ச் சேரலையா?" என்பதுதான்.

ஆகவே கடமை தவறாமல் காப்பிக்கடை பெஞ்சில் அறிவித்துவிட்டேன்: வடக்கே பனிராஜா ஒருவன் மிலெம்பேயைப் பெண் கேட்டிருக்கிறான். மூன்றாம் தாரமாக.

மார்ச் 13, ஞாயிறு

சேர்ந்து நிலக்கடலை உரித்தோம். அதாவது அவள் உரித்தாள், நான் தின்றேன். டிசம்பரில் அவள் தனியாகப் பக்கத்து நாட்டு லுசாகாவுக்குப் போய்வந்தாளே, அந்தக் கதையைக் கேட்டேன். இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"விடுதியில அறை கேட்டேன் மாமா. விடுதிக்காரன், 'உன் ஆள் எப்ப வருவார்'னான். யாரும் வரமாட்டாங்கன்னேன். 'இது அந்த மாதிரி எடம் இல்ல'ன்னு நோட்டை மூடிட்டான். எனக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. அவளும் ஒத்தை ஆள்தான். அவகிட்ட, 'எவ்வளவு தைரியம் உங்களுக்கு'ன்னு சொல்லி மூட்டையத் தூக்கிட்டு உள்ள போனான். அவனும் நம்ம நிறம்தான் மாமா."

அடுத்த தடவை என்னைப் புருஷன் என்று சொல்லிக் கூட்டிப் போ என்றேன். உன்னைக் கூட்டிப் போனால் விடுதிக்காரன் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வான் என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் கையிலிருந்த கடலை வெகுநேரம் உரிபடாமலே இருந்தது.

மார்ச் 28, திங்கள்

விசா கேட்டுத் தார் எஸ் சலாம் நகருக்குப் போனவள் வந்துவிட்டாள். விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் கேட்டாளாம்: கணவன் உண்டா? பிள்ளை? நிலம்? பிறகு எதற்காகத் திரும்பி வருவாய்? என் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள், பார்த்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாளாம் இவள். அந்த அம்மாள் அதை எழுதிக்கொள்ளவில்லையாம்.

இவளை நன்கறிந்தவர் என்று ஒரு பெயர் கேட்டிருக்கிறார்கள். தாய் தகப்பன் இல்லை. என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

பெருமையில் இன்று ஒன்பது முழம் வளர்ந்தேன். நிலைப்படியில் தலை இடித்தது.

ஏப்ரல் 6, புதன்

விசா அலுவலகத்திலிருந்து போன். பேசியவன் பெயர் மசன்ஜா. இரண்டு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, அவனும் நியாம்வேசி. என் நாக்கு அரிக்கத் தொடங்கியது. மிலெம்பே போனால் திரும்பி வருவாளா என்று கேட்டான்.

"அவ எங்க திரும்பி வருவா? பனிராஜாவுக்கு மூணாந்தாரமாப் போறா. சீர் ஏத்திட்டுப் போக ரெண்டு ரயில் பெட்டி கேட்டிருக்கா. உங்க குலத்துப் பொண்ணுங்க புத்தி உனக்குத் தெரியாதா?"

விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் குலத்தைத் தேங்காய்த் திருடர்கள் என்று முறைப்படி திட்டினான். நல்ல பிள்ளை. இனிச் சரியான பதிலைச் சொல்வோம் என்று தொண்டையைச் செருமுவதற்குள் வைத்துவிட்டான்.

சிரித்தானே. புரிந்திருக்கும்.

ஏப்ரல் 27, புதன்

மறுத்துவிட்டார்கள். கடிதத்தை அவளே கொண்டுவந்து காட்டினாள். தாய்நாடு திரும்பும் எண்ணம் இருப்பதாக நம்ப இயலவில்லை. காரணம் என்று அந்த ஒரு வரிதான்.

"தனியாப் போற கறுப்பிக்குத் திரும்பி வர என்ன இருக்குன்னு நினைச்சிருப்பாங்க. லுசாகாவிலயே நோட்டை மூடினாங்க. இவங்களைச் சொல்லி என்ன மாமா?"

ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்னேன் — நான்.

ஏப்ரல் 30, சனி

மசன்ஜா சிரித்தான்தான். ஆனால் சிரிப்பையா கோப்பில் எழுதுவான்? நான் சொன்னதை எழுதியிருப்பான். அதை வாசித்தவருக்கு ஸராமோ யார், நியாம்வேசி யார்?

இல்லை, நான் ஊமையாய்ப் பிறந்திருந்தாலும் மறுத்திருப்பார்களோ? கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் அன்றைக்கே முடிவு கட்டியிருப்பாளோ? இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' மேல்தான் மூன்று நாளாகப் படுத்துப் பார்க்கிறேன். முள்ளுக் கட்டில்.

மே 4, புதன்

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உடம்புக்கு என்ன கிழவா? ஒரு வாரமா என்னைத் திட்டவே இல்லியே?" கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். உப்பு இல்லை. நன்றாயிருக்கிறது என்று குடித்துவைத்தேன்.

மே 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பனிராஜா, ரயில் பெட்டி, ஒன்று விடாமல். கேலிக்குத்தான் சொன்னேன் என்றேன்.

துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அந்த ஆள் சிரிச்சாரா?"

சிரித்தான் என்றேன்.

"நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க" என்றாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். கோபப்பட அவளுக்கு உரிமை இல்லை. எவன் போட்ட சட்டம் இது? திட்டியிருக்கலாமே. செருப்பக் கழட்டி ரெண்டு போட்டிருக்கலாமே பாவி மகளே, நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?

மே 9, திங்கள்

காலையில் தெருவில் எதிரே வந்தாள். முழங்காலை லேசாக மடக்கி, "ஷிகமோ, ஐயா" என்றாள். பெரியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் வணக்கம். பேசக் கற்ற நாளிலிருந்து எனக்கு அதை அவள் சொன்னதில்லை.

பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். மரஹபா என்றேன். ரயிலைத் திருப்பிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

மே 23, திங்கள்

விசா அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதியிருந்தேன். கேலி உறவு என்றால் என்ன, நான் சொன்னது ஏன் பொய், இவள் எப்பேர்ப்பட்டவள். இரண்டாம் பக்கத்திலேயே எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. இன்று பதில். கோப்பு முடிக்கப்பட்டது.

ஜூன் 5, ஞாயிறு

இன்றும் ஷிகமோ.

ஜூன் 11, சனி

கிகோமா ரயிலில் போய்விட்டாள். ஏரிக்கரைக்காம். தனியாக, ஒரே ஒரு பை. காப்பிக்கடையில்தான் கேள்விப்பட்டேன், என்னிடம் சொல்லவில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாமரத்தின் பின்னால் நின்றேன். மூன்றாவது பெட்டி, ஜன்னல். சிரித்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்த்து அல்ல. தன்பாட்டுக்கு.

ஜூலை 11, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ கட்டில் இறக்கும் சத்தம். போய்ப் பார்த்தேன். புதுப் பூகோள ஆசிரியர், கிகோமாக்காரர். மிலெம்பே அவரோடு இடம் மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாளாம்.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கிழட்டுப் பொய்யன், தேங்காய்த் திருடன், ஏதாவது.

"பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மரியாதையா வணக்கம் சொல்லச் சொன்னாங்க ஐயா."

வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். பின்னால் வந்த ரயில் பொய். ஒன்பது முழம் பொய். பனிராஜா பொய், சீர் பொய், இரண்டு பெட்டியும் பொய். அந்த மசன்ஜாவிடம் நான் போனில் சொன்னதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அவள் திரும்பி வரமாட்டாள் என்றேனே, அது.