என் மருமகள் என்னைப் பட்டினி போடவில்லை

3.2.2025, திங்கள்

இன்று ஆஸ்பத்திரி. கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். தொண்ணூற்றாறு. ஸ்வெட்டர், மப்ளர், உள்ளே ஒரு பனியன், எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றாறு. கழற்றிவிட்டு ஏறுகிறேன் என்றேன். நேரமில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடும்போது சாக்குக்குக் கழிப்பார்கள், மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பார்கள். பொம்பளைகள் இடுப்பொடியப் பறித்த கொழுந்தில் கழிக்கத் தெரிகிறது, என் ஸ்வெட்டருக்குக் கழிக்கத் தெரியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். ஆனால் எடை எண்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும். சுகரும் பிரஷரும் அடங்க வேண்டும். "குறைச்சிட்டு வாங்க, தேதி தரேன்" என்றார். எப்படிக் குறைக்க? அதற்கு ஒரு தாள் கொடுத்தார். மலையாளத்தில். அறுபத்தெட்டு வயதில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறேன். எனக்கென்று முதன்முதலாக ஒரு தாள் வருகிறது. அது மலையாளம்!

தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்கணுமாம். எந்த முட்டியை வைத்து? எந்த ரோட்டில்? சின்னக்கானலில் விடியற்காலை ரோட்டில் நடப்பது யானை. போன வாரம்கூட ரேஷன் கடைக் கதவைப் பிடுங்கிப் போட்டது. அதை யாரும் எடை குறைக்கச் சொல்லவில்லை.

5.2.2025

'எரிச்சல்' என்று தப்பில்லாமல் எழுதினேன். எழுத்து வகுப்பு நடத்துகிற ஆனந்தி டீச்சர் பெரிய சரி போட்டாள். அங்கன்வாடிப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். சரி போட்டது சரி போட்டதுதான்.

9.2.2025, ஞாயிறு

மருமகள் இந்து மலையாளப் பள்ளியில் பத்து வரை படித்தவள், தமிழும் எழுதுவாள். அந்தத் தாளை அவள்தான் வாசித்துச் சொன்னாள். வாசித்ததோடு விடவில்லை. என்னுடைய பெரிய தட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு ஒரு சின்னத் தட்டை வைத்தாள். சாமிக்கு விபூதி வைக்கிற அளவு.

"ஒரு கரண்டி சோறு மாமா. பீன்ஸ் ரெண்டு கரண்டி. மீனு உண்டு. கப்பக்கிழங்கு கிடையாது. டீயில சீனி கிடையாது."

"மனுசன் திங்கிறதுல என்னதான் மிச்சம்?"

"கோவத்தத் திங்கிங்கள்லா. அது போதும்."

என் பெண்டாட்டி அழகுத்தாய் சிரித்தாள். மகன் அருண்பாண்டியும் சிரித்தான். சிரிக்கட்டும்.

சீனி இல்லாத டீயைக் குடித்தேன். முப்பத்தேழு வருஷம் ஃபாக்டரியில் தூள் அரைத்தவன் நான். இப்போதுதான் தெரிகிறது, நாங்கள் என்ன கண்றாவியை அரைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று.

நடக்கவும் ஒரு வழி சொல்லியிருக்கிறாள். வெயில் வந்த பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் இந்த வீட்டிலிருந்து கடைசி வீடு வரை. மொத்தம் எட்டு வீடு. கம்பு ஊன்றி ஐந்து நிமிஷம் நடந்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பிறகு மறுபடியும்.

17.2.2025, திங்கள்

எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் பின்சி எடை பார்த்தாள். ஸ்வெட்டரைக் கழற்றவும் விட்டாள். 94.6. "கொள்ளாம் அப்பச்சா!" என்றாள். நல்லது என்று அர்த்தம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எழுதிப் பார்க்கிறேன்: தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு.

24.2.2025, திங்கள்

நடக்கும்போது தலை சுற்றியது. வேர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுச் சுவக்கீன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுவக்கீன் சம்சாரம் சீனித் தண்ணீர் கொடுத்தாள்.

"காலையில என்னண்ணே சாப்ட்டீங்க?"

"ஒரு தோசை."

"ஒண்ணா! ராத்திரி?"

"ஒரு கரண்டி சோறு."

அவள் முகம் போன போக்கை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஐந்து ஆப்பமும் கறியும் கொண்டுவந்து வைத்தாள். தின்றேன். பொய் எழுத மாட்டேன், நன்றாக இருந்தது.

பின்சி சொன்னாள், சாப்பாடு குறைந்திருக்கிறது, மாத்திரை குறையவில்லை, அதுதான் சுகர் இறங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையைப் பாதியாக்கினாள். எடை குறைக்கச் சொன்ன அன்றே இதை யாராவது சொன்னார்களா? இல்லை.

2.3.2025, ஞாயிறு

குழாயடியில் பேசுகிறார்களாம். அழகுத்தாய் குடத்தைக் கீழே வைக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"மாமனார ஒரு கரண்டி சோத்துல போட்டு வச்சிருக்காளாம் இந்து. அதான் அன்னிக்கு மயங்கி விழுந்தாராம். வீடு இப்ப அவ பேர்ல இருக்குல்லா, இனி கெழவனும் கெழவியும் எதுக்குன்னு நினைக்காளாம்."

வீடு அவள் பேரில் இருப்பது உண்மை. எஸ்டேட் வீடு, நான் ரிட்டையர் ஆனதும் விட வேண்டியது. அவள் கொழுந்தெடுக்க வேலைக்குச் சேர்ந்ததால்தான் இந்த இரண்டு அறையும் எங்களுக்கு மிஞ்சின. அந்தப் பிள்ளையையா சொல்லுதாங்க? நாக்கு அழுகாதா?

அன்று தலை சுற்றியதிலிருந்து நான் நடக்கும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது நீட்டுகிறார்கள். கொழுக்கட்டை. கப்பக்கிழங்கு. டீக்கடை ஜோமோன் பருப்பு வடையைச் சட்டைப் பையில் திணித்துவிடுகிறான். வேண்டாம் என்றால், "மருமகளுக்குப் பேடியோ?" என்கிறான். எனக்கா பயம்?

6.3.2025, வியாழன்

யூனியன் கிளைச் செயலாளர் வேல்முருகன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். கிரீம் பிஸ்கட்.

"அண்ணாச்சி, வீட்ல எதுவும் குறை இருந்தா பயப்படாமச் சொல்லுங்க. யூனியன் இருக்கு."

"குறைதான். பதினோரு கிலோ குறையணும். யூனியன் குறைச்சுத் தருமா?"

"விளையாடாதீங்க. பெரியவங்களப் பட்டினி போட்டா கேஸே உண்டு."

இந்து அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் ஆனந்தி டீச்சர் நோட்டைப் பிடுங்கிவிடுவாள்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால் பரணில் கிடந்த பெரிய தட்டு முன்னால் இருக்கிறது. மலை மாதிரி சோறு.

"இது என்னம்மா?"

"தின்னுங்க மாமா. எனக்கு இந்தப் பேரு வேண்டாம்."

"டாக்டர் சொன்னதுல்லா—"

"டாக்டர் குழாயடிக்கு வரமாட்டாரு. நான் தினம் போகணும்."

முழுவதும் தின்றேன். தின்னாமல் எழுந்திருந்தால் அவள் அழுதிருப்பாள். தின்றதற்கும் அழுதாள்.

10.3.2025

97.

16.3.2025, ஞாயிறு

பேச்சு மறையூர் வரைக்கும் போய்விட்டது. இந்துவின் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார்கள். வாசலிலேயே அழுகை. "எம்மக அப்படிப்பட்டவ இல்ல சம்பந்தி." எனக்குத் தெரியாதா? எனக்குத்தானே தெரியும்!

வெறுங்கையோடு வரவில்லை. மறையூர் வெல்லம், இரண்டு கிலோ. சுகர்காரனுக்கு! என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என்னைக் கொல்லத்தான் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த அம்மா போனபின் முட்டி வலி தாங்கவில்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அங்கன்வாடிப் படி அறுபத்திரண்டும் என்னால் இறங்க முடியாது. எழுத்து வகுப்பு போய்விடும். மெலிந்தால் இந்துவின் பேர் கெடுகிறது. மெலியாவிட்டால் என் கால் கெடுகிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

சொல்ல வேண்டாம். எழுதலாமே.

22.3.2025, சனி

மூன்று நாள் எழுதினேன். ஆறு தாள் கிழித்தேன். கடைசியில் வந்தது இது:

'எல்லோருக்கும் அறிவிப்பு. நான் பெரியமுத்து. எனக்குச் சுகர், பிரஷர், முட்டித் தேய்மானம் உண்டு. எடை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நானே குறைவாகச் சாப்பிடுகிறேன். என் மருமகள் என்னைப் பட்டினி போடவில்லை. என்னைக் கெடுப்பது வேறு ஆட்கள். அவர்கள் விவரம்: சுவக்கீன் சம்சாரம், ஆப்பம் 5, கறி. ஜோமோன், பருப்பு வடை, பல தடவை. யூனியன் வேல்முருகன், கிரீம் பிஸ்கட். இப்படிக்கு, பெரியமுத்து.'

சாயங்காலம் எல்லோரும் சாக்கோடு வந்து நிற்பார்கள் என்று கொழுந்து எடை போடும் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். என் எழுத்து சுவரில்! தள்ளி நின்று நாலு தரம் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

24.3.2025, திங்கள்

எல்லாம் கெட்டது.

சுவக்கீன் சம்சாரம் வாசலில் நின்று, கொடுத்த கைக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டாள். பேரையெல்லாம் போட்டிருக்கக் கூடாது என்று அழகுத்தாய் சொல்கிறாள். அறிவிப்பு என்றால் விவரம் வேண்டாமா?

அதுகூடப் போகட்டும். நான் எழுதினேன் என்று ஒருத்தரும் நம்பவில்லை. ரேகை வைத்துச் சம்பளம் வாங்கினவனுக்கு ஏது எழுத்து என்கிறார்கள். இந்துவே எழுதி ஒட்டிவிட்டு என் பேரைப் போட்டிருக்கிறாளாம். இரண்டு பொம்பளைகள் அவள் சாக்குக்குப் பக்கத்தில் தங்கள் சாக்கைக்கூட வைக்கவில்லையாம்.

அவளுக்கு நல்லது செய்யப் போய் நானே குழி வெட்டிவிட்டேனா?

25.3.2025, செவ்வாய்

நாலு மணிக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எல்லோரும் எடைக்கு வரிசையில் நின்றார்கள். இந்துவும் நின்றாள். சுவக்கீனும் தன் சம்சாரத்தின் சாக்கைத் தூக்க வந்திருந்தான்.

"ஏ பெரியமுத்து, உண்மையச் சொல்லுய்யா. இத நீயா எழுதுன?"

"நான்தான்."

"அப்ப இங்க எழுது. எல்லாரும் பாக்கட்டும்."

எடை எழுதும் கரும்பலகையைக் காட்டினான். சாக்பீஸை வாங்கினேன்.

"என்ன எழுத?"

"சுவக்கீன் சம்சாரம் குடுத்தது ஆப்பம் அஞ்சு இல்ல, நாலுன்னு எழுது."

எழுதினேன். மெதுவாகத்தான் வரும், எனக்கு அவ்வளவுதான் வேகம். 'சுவக்கீன்' எழுதி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முழுவதும் எழுதிவிட்டு, அதன் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'பொய். ஐந்துதான்.'

யாரோ சத்தம் போட்டு வாசித்தார்கள். ஒரே சிரிப்பு. சுவக்கீனுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

"ஆப்பக் கணக்கு இருக்கட்டும்ணே" என்று அவன் சம்சாரம் முன்னால் வந்தாள். "இவருக்குந்தான் சுகரு. முந்நூத்தி இருவது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுத் திங்காரு. அதையும் எழுதுங்க."

"ஏட்டி!" என்றான் சுவக்கீன்.

"எழுதுங்கண்ணே."

எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுக் கடைசி வீட்டுக்காரி, "எனக்கு இருநூத்தி அறுவது" என்றாள். வரிசையிலிருந்து இன்னொருத்தி. பிறகு வேல்முருகன், அவனுக்குப் பிரஷராம், மூன்று வருஷமாக! பலகை நிறைந்துவிட்டது. மொத்தம் ஒன்பது பேர்.

ஒன்பது பேர்! ஒளித்து வைத்து மாத்திரை தின்றுகொண்டு, எனக்கு வடையும் கிழங்கும் நீட்டியிருக்கிறார்கள். கோபம் தாங்காமல் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். சுவக்கீன் பின்னாலேயே வந்தான். பாதி வழியில், "அந்த மலையாளத் தாளுல என்னதான்யா போட்டிருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

6.4.2025, ஞாயிறு

எல்லோரும் எடை பார்க்கப் போனோம், கொழுந்துத் தராசில் ஆள் ஏறக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆளுக்கு மதிப்பு அவ்வளவுதான். பின்சி டிஸ்பென்சரி மெஷினைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறேன் என்றாள். நான் 95. சுவக்கீன் 88, அதற்குள் பெருமை பேசுகிறான். அவன் என்னைவிட ஒரு சாண் குட்டை, அதைச் சொல்ல மாட்டான்.

வாசலில் இப்போது நாலு பேர் நடக்கிறோம். சுவக்கீனின் பேச்சு தாங்கவில்லை.

13.4.2025

தட்டு மறுபடியும் சின்னதாகிவிட்டது. இந்துதான் வைத்தாள். ஆனால் வீட்டுக்கு வெளியே அவள் என்னை எதற்கும் தடுப்பதில்லை. யாராவது எதையாவது நீட்டினால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள். பயம் போகவில்லை.

26.5.2025, திங்கள்

ஆஸ்பத்திரி. 90.8. சுகர் நூற்று முப்பது, வெறும் வயிற்றில். டாக்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஓணம் முடிஞ்சு தேதி போடலாம், இதே மாதிரி இறங்குனா" என்றார். எப்படிக் குறைத்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார். டாக்டர் கேட்கிற கேள்வியா இது? ஒன்பது பேர் பேரையும் சொன்னேன். முழுவதும் கேட்க அவருக்கு நேரமில்லை.

8.6.2025, ஞாயிறு

வேல்முருகன் மகள் கல்யாணம். எஸ்டேட்டே வந்திருந்தது. குழாயடி ஆட்கள் அத்தனை பேரும் எதிர்ப் பந்தியில்.

சோறு இரண்டாம் தடவை வந்தபோது கை நீட்டினேன். பிறகு பாயசம். சேமியா, முந்திரி மிதக்கிறது. பரிமாறுகிறவன் கரண்டியைச் சாய்க்கப் போனான்.

பொம்பளைகள் பந்தியிலிருந்து இந்து எழுந்து நின்றாள். அத்தனை பேர் நடுவில், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில்:

"மாமா, போதும். எலைய மடக்குங்க."

பந்தி முழுக்க அவளைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. சுவக்கீன் சம்சாரம் நிமிர்ந்து, "எங்க வீட்டுக்காரரு எலையையும் பாரு இந்து, ரெண்டு தரம் வாங்கிட்டாரு" என்றாள். எல்லோரும் மறுபடியும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இலையை மடக்கிவிட்டுக் கை கழுவப் போனேன்.