பதினான்கு வட்டங்கள்

கொட்டாஞ்சேனை
3 மார்ச் 2025

அன்பின் ஸாலிஹ்,

நோன்பு தொடங்கிவிட்டது. நீரும் றஸ்மியாவும் மகள் அம்னாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் மட்டும்தான். துறைமுக அலுவலகத்தில் என்னை ஏசிக்கு நேர் கீழே இருத்தியிருக்கிறார்கள்.

எல்லோரும் வாசிக்கிற மின்னஞ்சல் பட்டியலில் நாம் சண்டை பிடிப்பதில்லை, நமக்குள் தனி மின்னஞ்சலில் கடிதம் எழுதித் தீர்ப்பது என்று கம்பஸ் முடித்த வருடம் பேசிக்கொண்டோம். பதினொரு வருடமாக அப்படித்தான். இதுவும் அப்படி ஒரு கடிதம்.

நமது இயங்குதளமான சிப்பியைச் சோதிக்கிற சேவை, திறந்த மூலத் திட்டங்களுக்கு இனி இலவசமில்லை என்று அறிவித்துவிட்டது. மே கடைசி வரை தவணை. யாராவது அதில் ஒரு வரியை மாற்றினாலும், உடனே முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, பதினான்கு வகைப் பழைய கணினிகளில் எழும்பி இயங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் நாம் படிப்பகங்களுக்குக் கொடுத்த கணினிகள் நாளைக்கு என்ன செய்யும் என்று நமக்கே தெரியாது.

மூன்று வழி பார்த்தேன். ஒன்று, என் வீட்டு முன்னறையில் நாமே ஒரு இயந்திரத்தை ஓடவிடுவது. மழைக்கு மின்சாரம் போனால் சோதனையும் போகும். இரண்டு, எஸ்தோனியாவில் இரண்டு பேர் நடத்தும் சேவை. நாற்பது நிமிடம் எடுக்கிறது, முடிவை வெறும் எழுத்தாக மின்னஞ்சலில் அனுப்புகிறது. மூன்று, ஓர் அமெரிக்கச் சேவை. பன்னிரண்டு நிமிடம்தான். பதினான்கு கணினிக்கும் பதினான்கு வட்டங்கள், எழும்பினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஒரு பார்வையில் விளங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு சொல் எழுதும். இப்போதைக்குப் பரீட்சார்த்தமாக அதையே இணைத்துவிட்டேன்.

சிப்பியின் டிசம்பர் வெளியீட்டுக்கு நீர் வராதது மனத்தில் இன்னும் கிடக்கிறது. கேக்கை நானும் அம்மாவும்தான் முடித்தோம்.

அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும்,
ஐறீன்

*

வெள்ளவத்தை
9 மார்ச் 2025

அன்பின் ஐறீன்,

உமது கடிதம் கிடைத்தது. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும் என்று றஸ்மியா சொல்லச் சொன்னார்.

எனக்கு எஸ்தோனியாக்காரர்தான் சரியாகப் படுகிறது. பெரிய கம்பனி இன்றைக்கு இலவசமாகத் தரும். நாளைக்கு இதே மாதிரி ஓர் அறிவித்தல் வரும். அந்த இரண்டு பேரும் தங்கள் சேவையின் மூலத்தையே திறந்து வைத்திருக்கிறார்கள். முடிவு எழுத்தாக வருவது குறையல்ல, ஐறீன். எழுத்தை எங்கேயும் வாசிக்கலாம்.

நாற்பது நிமிடம் நீண்ட நேரம்தான். பதினொரு வருடம் பொறுத்த நாம் நாற்பது நிமிடம் பொறுக்க மாட்டோமா?

டிசம்பரில் காலி வீதியில் பஸ்ஸில் ஏற முடியாத சனம். மன்னித்துக்கொள்ளும். நோன்பு முடியட்டும், பார்ப்போம்.

என்றும் உமது நண்பன்,
ஸாலிஹ்

*

கொட்டாஞ்சேனை
3 ஏப்ரல் 2025

ஸாலிஹ்,

பெருநாள் வட்டிலப்பம் கிடைத்தது. அம்னா கொண்டுவந்து தந்துவிட்டு, "வாப்பாக்கு வேலை கூட, அன்ரி" என்று சொல்லிப் போனாள். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மார்ச் 20ஆம் திகதி நம் குழுவில் சப்ரி அனுப்பிய மாற்றத்துக்கு நீர் அனுமதி கொடுத்தீர். அன்றைக்கு அமெரிக்கச் சேவையின் பக்கத்தில் பதினான்கில் பதினொன்று சிவப்பு. நீர் கீழே "எல்லாம் சரி" என்று எழுதியிருக்கிறீர். உமது கையெழுத்தை நம்பி நானும் வெளியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஜிந்துப்பிட்டிப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரெனால்ட் போன் எடுத்தார். "மிஸ், பிள்ளைகள் வந்து நிக்கிறாங்க, ஒரு மெஷினும் எழும்புதில்ல." எட்டுக் கணினி. லீவு போட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் பதித்தேன். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு சிவப்பைப் பார்த்துவிட்டு யாராவது "சரி" என்று எழுதுவார்களா? நீர் இங்கே வருவதில்லை. போன் எடுத்தால் றஸ்மியா பேசுகிறார். சிப்பியில் உமக்கு மனம் விட்டுப்போயிருந்தால் அதை என்னிடம் சொல்லும். நான் தாங்குவேன். இப்படி அரைகுறையாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஐறீன்

*

வெள்ளவத்தை
5 ஏப்ரல் 2025

ஐறீன்,

நான் அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முதல் கண் வைத்தியர் சொன்னார்: விழித்திரை ஓரத்திலிருந்து சாகிறது, பரம்பரை, மருந்தில்லை. முதலில் பார்வையின் இரண்டு பக்கமும் போனது. சந்தைக்கு முன்னால் அன்னாசி வண்டியில் மோதி விழுந்தேன். "அய்யே, பேன்னெத்த?" என்று வண்டிக்காரன் சிங்களத்தில் கேட்டான், கண் தெரியவில்லையா என்று. செருப்பு வழுக்கிவிட்டது என்றேன். டிசம்பரில் எழுத்தும் போய்விட்டது. இப்போது சனிக்கிழமைகளில் இரத்மலானையில் பார்வையற்றோர் பாடசாலைக்குப் போய், திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளைப் பழகுகிறேன். உமது கடிதங்களை அதுதான் எனக்கு வாசிக்கிறது. உமது கோபத்தையும் அது ஒரே மாதிரிக் குரலில்தான் வாசித்தது.

அன்றைக்கு உமது வட்டங்கள் உள்ள பக்கத்துக்குப் போனேன். குரல் "படம்" என்றது. அடுத்ததற்கும் "படம்". பதினான்கு தடவை "படம்". தோல்வி என்றால் எங்கேயாவது தோல்வி என்ற சொல் இருக்கும் என்று நினைத்தேன். உம்மிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பீர். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எட்டுக் கணினியைக் கெடுத்தேன்.

"எத்தின நாளைக்கு அவகிட்ட மறைக்கப் போறீங்க?" என்று றஸ்மியா கேட்காத கிழமை இல்லை. பாவம் என்று சொல்லி, நன்றி சொல்லி, ஓரமாக இருத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். மற்றவர்கள் செய்தால் பரவாயில்லை. நீர் செய்தால் எனக்குப் போக வேறு இடமில்லை.

அமெரிக்கச் சேவையையே எடும். ஒருவனுக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டாம். அனுமதி கொடுக்கும் என் உரிமையை நானே நீக்கிவிட்டேன். ரெனால்டிடம் எனக்காக மன்னிப்புக் கேளும்.

ஸாலிஹ்

*

கொட்டாஞ்சேனை
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

என் அன்பின் ஸாலிஹ்,

உடனே பதில் எழுதினால் அழுகைதான் வந்திருக்கும். அதனால் ஒரு கிழமை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை என்ன செய்தேன் தெரியுமா? திரையை அணைத்துவிட்டு அந்தக் குரலை மட்டும் கேட்டு மூன்று சேவையையும் பாவித்துப் பார்த்தேன். அமெரிக்கச் சேவையில் உள்ளே நுழையவே முக்கால் மணித்தியாலம். "பொத்தான், பொத்தான், பொத்தான்." எந்தப் பொத்தான் என்று சொல்லவில்லை. ஒரு தடவை ஆத்திரத்தில் விசைப்பலகையில் அடித்தேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். நீர் இதை மூன்று மாதம் எங்களில் ஒருவருக்கும் சொல்லாமல் செய்திருக்கிறீர்.

கம்பனிக்கு எழுதினேன். உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுப்போம் என்று பதில். எஸ்தோனியாவுக்கு எழுதினேன். அன்றைக்கே ஒரு பெண் பதில் போட்டார்: எழுத்தில் எங்கே சிரமம் என்று வரி வரியாகச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன் என்று. மாற்றம் தொட்ட பகுதிகளை மட்டும் திரும்பக் கட்டும்படி செய்தபோது நாற்பது நிமிடம் பத்தொன்பதாகக் குறைந்தது. எஸ்தோனியாவைத்தான் எடுக்கிறோம். இது உமக்காகச் செய்த தானமல்ல. நம்மில் பாதிப் பொறுப்பைச் சுமக்கிறவர் வாசிக்க முடியாத சேவை, பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தாலும் சோதனையல்ல.

உமது உரிமையைத் திரும்பப் போட்டுவிட்டேன். இன்னொரு தடவை என்னிடம் கேட்காமல் நீக்கினால் நேரே வெள்ளவத்தைக்கு வருவேன்.

நான் உம்மை இன்னும் மன்னிக்கவில்லை. கண்ணுக்கு மன்னிப்பு வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்ததாக "எல்லாம் சரி" என்று எழுதினீரே, அதற்கு வேண்டும். ரெனால்டிடம் நீரே கதைத்துவிடும். பட்டியலில் உள்ள ஒருவருக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது உம்முடைய செய்தி.

நேரில் வந்து முகத்தைப் பார்த்துப் பேசாத என் நாட்களுக்கு மன்னிப்புக் கேட்டு,
ஐறீன்

*

வெள்ளவத்தை
1 ஜூன் 2025

அன்பின் ஐறீனுக்கு,

நேற்றோடு பழைய சேவை நின்றுவிட்டது. புதியதில் முதல் நாளான இன்று ஒன்பது மாற்றங்கள் ஓடின. முடிவுகள் காதுக்கு வரும்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நிமிடம் ஒரு கோப்பைக்குச் சரியாக இருக்கிறது.

ரெனால்டிடம் கதைத்தேன். "நீங்க சொன்னதே போதும் சேர்" என்றார். பிறகு, படிப்பகத்துக்கு வரும் பிள்ளை ஒன்று புத்தகத்தை மூக்குக்கு முட்டப் பிடித்து வாசிக்கிறது, அந்தக் குரலை அவளுக்கும் காட்டுவீர்களா என்று கேட்டார். அடுத்த சனி றஸ்மியாவோடு போகிறேன்.

பட்டியலிலும் எழுதிவிட்டேன், நான்கு வரி. அனுப்பிவிட்டு அரைமணித்தியாலம் கணினிக்குப் பக்கத்தில் போகவில்லை. சப்ரிதான் முதல் பதில்: "அப்ப என் மாற்றத்தை இனி ஒழுங்கா கேப்பீங்க." ஒருவரும் பாவம் என்று எழுதவில்லை. நீர் ஏதும் சொல்லி வைத்தீரோ என்று சந்தேகம், கேட்க மாட்டேன்.

இனி முக்கியமான விடயம். நீர் இன்று காலை அனுப்பிய மாற்றம் நான்காவது கணினியிலும் பன்னிரண்டாவது கணினியிலும் எழும்பவில்லை. சோதனையைப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறைக்க ஆசைப்பட்டு நினைவகச் சரிபார்ப்பைத் தாண்டிப் போகும்படி எழுதியிருக்கிறீர். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், தோல்விதான்.

அனுமதி தரவில்லை. திருத்தி அனுப்பும்.

ஸாலிஹ்