அடுப்படிக்கு நேர் கீழே

சந்தோமியெஷ், 6 மார்ச் 1965

அன்புள்ள தெயோஃபிலுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. புருஷன் ஏன் ஊர்ப்பக்கமே வருவதில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம், சுரங்கத்தில் உனக்குக் கால் முறிந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். முட்டைக்காரி உனக்காக ஜெபமாலை சொல்கிறாள்.

இங்கே ஊரே கீழே போகிறது. அந்தக் காலத்து வியாபாரிகள் ஒயின் வைக்கச் சதுக்கத்துக்கு அடியில் அடுக்கடுக்காகத் தோண்டிய நிலவறைகள் ஒவ்வொன்றாக உட்காருகின்றன. நகர மண்டபத்துக்கு எதிரில் ஒரு வண்டிக் குதிரையின் பின்னங்கால் உள்ளே போய்விட்டது. நம் சுவர் விரிசலில் என் கையே நுழைகிறது. "இந்த வீடு ஒருநாள் நம்ம தலையில விழும்டீ" என்று கத்தினாயே, தப்பு. அது கீழேயல்லவா போகிறது!

நிலவறைகளை நிரப்ப உங்கள் ஊர்ச் சுரங்கக்காரர்கள் வருகிறார்களாம். நீயும் வாயேன்.

உன் லுத்விகா

பிதோம், 19 மார்ச்

லுத்விகா,

எந்தக் கால்?

குழுவில் என் பெயரும் இருக்கிறது. வேலைக்கு வருகிறேன், வீட்டுக்கு அல்ல. குழாய்த் தண்ணீரோடு இங்கே வீடு பிடித்துக் கூப்பிட்டேன். "அந்தக் கரிப்புகையில எவ இருப்பா" என்று கேட்டவள் நீ. நான் குழுவுக்குப் போடும் கொட்டகையில் தங்கிக்கொள்கிறேன்.

தெயோஃபில்

சந்தோமியெஷ், 11 மே

தெயோஃபில் மகாராஜாவுக்கு,

தினமும் வாசலைத் தாண்டிப் போகிறாய், கழுத்துதான் திரும்புவதில்லை. கால் போய் இப்போது கழுத்தா?

உங்கள் மேஸ்திரியிடம், "எங்க வீட்டுக்காரர் என்னதான் பண்றார்?" என்று கேட்டேன். "உங்க அடுப்படிக்கு நேர் கீழதான் இருக்கார் அக்கா. அந்த இடத்த வேற எவனயும் தொட விடமாட்டேங்கறார்" என்றார்.

மேலே வா. முடியாதென்றால் சொல், வீட்டைப் பூட்டிவிட்டு நானே பிதோமுக்கு வருகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதிலை மேஸ்திரியிடம் கொடு.

லுத்விகா

நிலவறை, 12 மே

லுத்விகா,

பிதோம் வீட்டைக் கிளம்பும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டியோடு வருகிறேன்.

அதுவரை அடுப்படியில் கனமாக எதையும் வைக்காதே. தளத்துக்கு இன்னும் முட்டுக் கொடுக்கவில்லை.

உன் தெயோஃபில்

அடுப்படி வாசல், அதே நாள்

அன்புள்ள தெயோஃபிலுக்கு,

உன் கடிதம் மத்தியானம்தான் கைக்கு வந்தது. வாசனை பிடித்தாவது மேலே வருவாய் என்று, புளித்த முட்டைக்கோஸ் பீப்பாயைக் காலையிலேயே அடுப்படிக்கு உருட்டிவிட்டிருந்தேன்.

அது இப்போது கீழே உங்களிடம் இருக்கும். மூடி இங்கே இருக்கிறது.

லுத்விகா